பைக்கைக் குட்டியானையில் ஏற்றி, கட்டி, இறக்குவது: முழுமையான வழிகாட்டி

வீடு மாற்றும் நாளில் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் ஏறிய பிறகு, மிஞ்சிய இடத்தில் பைக்கைத் திணிப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். சைடு ஸ்டாண்டு போட்டு, ஹேண்டில் பாரை ஒற்றைக் கயிற்றால் கேபின் கம்பியோடு இழுத்துக் கட்டி, டேங்குக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு தலையணையைச் சொருகிவிட்டு 'போலாம் ரைட்' சொல்லிவிடுவார்கள். போய்ச் சேர்ந்து பார்த்தால் டேங்கில் ஒரு பள்ளம், வளைந்த கிளட்ச் லீவர், உடைந்த இண்டிகேட்டர். ரோடு மோசம் என்று பழி ரோட்டின் மேல் விழும். உண்மையில் கட்டுதான் மோசம்.

பைக் தன் இரண்டு டயர்களின் மேல் நேராக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் கயிறு அதைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்டாண்டு, பீரோ, பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வரும் ஆள், இந்த மூன்றையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. கீழே சொல்லப்போவதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

வண்டி பிடிக்கும்போதே அளந்துவிடுங்கள்

குட்டியானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் 2005-இல் வந்தது. அதற்குப் பின் ஊருக்குள் சாமான் ஏற்ற அதுவே முதல் தேர்வு. அதன் தொட்டி, அதாவது சரக்கு ஏற்றும் பின்பகுதி, ஏழடியை ஒட்டிய நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம். மாடலுக்கு மாடல் சில அங்குலம் கூடும், குறையும். இந்தச் சில அங்குலம்தான் பிரச்சினை. ஸ்ப்ளெண்டர் 2000 மி.மீ. நீளம், தாராளமாக உட்காரும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் நீளம் 2145 மி.மீ., அதாவது ஏழடியைக் கொஞ்சம் தாண்டும். நேராக நிறுத்தினால் சில வண்டிகளில் பின்கதவு மூடாது. ஒரே ஒரு பைக் என்றால் மூலைக்கு மூலை சற்றுக் குறுக்காக நிறுத்திக்கொள்ளலாம். வேறு சாமானும் போகிறது என்றால் அசோக் லேலண்ட் தோஸ்த், பொலிரோ பிக்கப் மாதிரி எட்டடிக்கு மேல் தொட்டி உள்ள வண்டியைக் கேளுங்கள். வாடகை கூடும்தான்.

கதவைத் திறந்து போட்டு, பின் சக்கரம் வெளியே தொங்க ஓட்டிக்கொண்டு போவது வேண்டாம். அனுமதித்த அளவைத் தாண்டிச் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1ஏ) பிரிவு 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. அதைவிட, கதவு தரும் தடுப்பு இல்லாமல் போவதுதான் பெரிய நஷ்டம்.

இன்னொன்று, இன்சூரன்ஸ். பேக்கேஜ் பாலிசி, அதாவது சொந்த வண்டியின் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி இருந்தால், பைக்கை ரோடு வழியாகவோ ரயிலிலோ ஏற்றிக்கொண்டு போகும்போது ஏற்படும் சேதமும் அதில் அடங்கும். நம் நாட்டின் வழக்கமான பாலிசி வாசகத்திலேயே இது இருக்கிறது. பலருக்கு இது தெரியாது. வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் என்றால் ஒன்றும் கிடைக்காது. ஏற்றும் முன் நான்கு பக்கமும் ஓடோமீட்டரும் தெரியப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல் ஒரு செட் டிரைவரிடம் இருக்கட்டும்.

என்னென்ன வேண்டும்

ராட்செட் பெல்ட், அதாவது பல்சக்கரப் பிடியை அடித்து இறுக்கும் பட்டை, நான்கு. பைக்குக்கு ஒரு அங்குல அகலம் போதும், ஆனால் லேபிள் இல்லாத பெல்ட்டை வாங்காதீர்கள். லேபிளில் எத்தனை கிலோவில் அறும், எத்தனை கிலோ வரை கட்டலாம் என்று இரண்டு எண் இருக்கும். கட்டும் எடை பெரும்பாலும் அறும் எடையில் மூன்றில் ஒரு பங்கு. கடைக்காரர் சொல்வது எப்போதும் பெரிய எண்ணைத்தான், நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எண்ணை.

எவ்வளவு தாங்க வேண்டும்? சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பிய விதி (இ.என். 12195-1) ஒரு நல்ல கணக்கு தருகிறது. சடன் பிரேக்குக்காக முன்பக்கம் சரக்கின் எடையில் 80 சதவீதம், திருப்பத்துக்காகப் பக்கவாட்டில் 50 சதவீதம், பின்பக்கம் 50 சதவீதம். கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. பிரேக் அடித்தால் ஏறத்தாழ 156 கிலோ முன்னால் தள்ளும். இதை ஒற்றைக் கயிறும் சைடு ஸ்டாண்டும் எப்படித் தாங்கும்?

பெல்ட் கிடைக்காவிட்டால் கயிறு. லாரிக்காரர்கள் தார்ப்பாய் கட்டும் தடித்த கயிறு நல்லது. பளபளவென்று இருக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிற்றில் முடிச்சு வழுக்கிக்கொண்டே இருக்கும். நைலான் நனைந்தால் நீளும். சைக்கிள் டியூபும் ரப்பர் கொக்கிக் கயிறும் ஹெல்மெட் கட்ட உதவும், பைக்கைக் கட்ட உதவாது. இழுபடும் எதுவும் பைக்கைக் குதிக்கவிடும்.

இவை தவிர: இரண்டு பலகை, கோணிச்சாக்கு நான்கைந்து, பழைய டயர் ஒன்று, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டை, மூன்று ஆட்கள். இரண்டு பேரை வைத்தும் ஏற்றலாம். மூன்றாமவர் இருந்தால் யாருக்கும் அடிபடாது.

பைக்கைத் தயார் செய்தல்

டேங்கைக் காலி செய்வது ரயில் பார்சலுக்குக் கட்டாயம். ரோட்டில் அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் போய்ச் சேர்ந்ததும் பங்க் வரை ஓடும் அளவுக்கு மேல் வேண்டாம். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி என்றால் பெட்ரோல் காக்கை மூடுங்கள். குலுக்கலில் ஓவர்ஃப்ளோ ஆகிச் சொட்டுவது இதை மறப்பதால்தான். பி.எஸ். 6 வண்டிகளில் அந்த வேலை இல்லை.

கண்ணாடிகளைக் கழற்றிவிடுங்கள். யமஹாவில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை தலைகீழ். வழக்கமான திசையில் திருப்பினால் இன்னும் இறுகும். சைடு பேக், டேங்க் கவர், மொபைல் ஹோல்டர் எல்லாவற்றையும் எடுங்கள். சைலன்சர் ஆறட்டும், சூடான சைலன்சரில் பெல்ட் பட்டால் உருகும். டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும். காற்று குறைந்த டயர் வழியில் மேலும் இறங்கினால், நீங்கள் இறுக்கிய கட்டு அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும்.

பலகையும் மேடும்

பெரும்பாலான விபத்து கட்டும்போது நடப்பதில்லை, பலகையில் ஏற்றும்போதுதான் நடக்கிறது.

தொட்டி தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடி உயரம். ஆறடிப் பலகை போட்டால் பைக்கின் எடையில் 42 சதவீதத்தை நீங்கள் தள்ள வேண்டும்: 112 கிலோ ஸ்ப்ளெண்டருக்கு 47 கிலோ, கிளாசிக்குக்கு 81 கிலோ. எட்டடிப் பலகை என்றால் அது 35 கிலோவாகவும் 61 கிலோவாகவும் குறையும். பலகை குட்டையாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. முன் சக்கரம் தொட்டிக்குள் போனதும், பலகையும் தொட்டியும் சேரும் முனையில் சென்டர் ஸ்டாண்டோ இன்ஜின் அடிப்பாகமோ முட்டி, வண்டி நடுவழியில் உட்கார்ந்துகொள்ளும். ஸ்கூட்டருக்கு இது நிச்சயம் நடக்கும்.

பலகையை நீட்ட முடியாவிட்டால் உயரத்தைக் குறையுங்கள். கிராமத்தில் இது எளிது. ரோடு உயர்ந்து, ஓரம் தாழ்ந்திருக்கும் இடத்தில் ஏஸின் பின் சக்கரம் பள்ளத்தில் நிற்கும்படி விட்டால் பாதி உயரம் போய்விடும். களத்து மேடு, திண்ணை, கடைகளின் முன்னால் இருக்கும் சிமெண்டுச் சரிவு எதுவானாலும் சரி. சில இடங்களில் பலகையே தேவைப்படாது.

பலகை இரண்டு அங்குலக் கனமாவது இருக்கட்டும். நடுவில் முடிச்சோ விரிசலோ உள்ள சென்ட்ரிங் பலகை வேண்டாம். தடித்த இரும்புத் தகடு நல்லது, மழையில் மட்டும் வழுக்கும், சாக்கைச் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பலகை ஏன்? ஒன்று பைக்குக்கு, இன்னொன்று கூட நடந்து ஏறும் ஆளுக்கு. பைக்கைப் பிடித்தபடி தரையிலிருந்து இரண்டரை அடி தாவும் அந்த நொடியில்தான் வண்டி கைவிட்டுச் சாயும்.

பலகையின் மேல்முனையைத் தொட்டியோடு கட்டிவிடுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. சக்கரம் ஏறும்போது பலகையைப் பின்னால் உதைக்கும். கட்டாத பலகை தொட்டி விளிம்பிலிருந்து நழுவி, பைக்கோடு சேர்ந்து விழும். முனையில் இரண்டு துளை போட்டுக் கயிறு கோத்து, கதவுக் கொக்கியில் மாட்டினால் போதும். ஏஸை முதல் கியரில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள்.

ஏற்றுதல்

பைக்கின் மேல் உட்கார்ந்து ஓட்டி ஏற்றாதீர்கள். வீடியோக்களில் அழகாகத்தான் இருக்கிறது. மேலே போய் நின்றதும் கால் ஊன்ற இடம் இருக்காது.

இன்ஜினை நிறுத்தி, முதல் கியரில் போட்டுக் கிளட்சைப் பிடியுங்கள். பைக்கின் இடப்பக்கம் ஒருவர் நின்று இரண்டு கையாலும் ஹேண்டில் பாரைப் பிடிக்கட்டும், இடது கை கிளட்சில். இரண்டாமவர் பின்னாலிருந்து கிராப் ரெயிலைப் பிடித்துத் தள்ளட்டும், ஆனால் சக்கரத்துக்கு நேர் பின்னே நிற்காமல் சற்று ஒதுங்கி. மூன்றாமவர் தொட்டிக்குள் நின்று முன்ஃபோர்க்கில் கோத்த கயிற்றை இழுக்கட்டும்.

வழியில் நிறுத்த வேண்டி வந்தால் கிளட்சை விடுங்கள். கியரில் இருக்கும் இன்ஜின் பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். முன் பிரேக்கை மட்டும் நம்புவது தவறு. சரிவில் எடை பெரும்பாலும் பின் சக்கரத்தில்தான் இருக்கும், முன் சக்கரம் பூட்டிக்கொண்டே பலகையில் வழுக்கி இறங்கும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் கனமான புல்லட்டும் அசையாமல் நிற்கும். ஸ்கூட்டரில் கியர் இல்லை என்றாலும் இடக்கை லீவரே பின் பிரேக் என்பதால் வேலை எளிது. ஆக்ஸிலரேட்டரைத் திருகிக்கொண்டே கூட நடந்து ஏற்றுவது மட்டும் கூடவே கூடாது. பயத்தில் கை இறுகும், இறுகினால் ஆக்ஸிலரேட்டர் மேலும் திருகும்.

பைக் சாயத் தொடங்கிவிட்டால், ஒரு அளவுக்கு மேல் பிடிக்க முயலாமல் விட்டு விலகுங்கள். லீவர் மாற்றச் சில நூறு ரூபாய் போதும்.

கட்டுதல்

முன் சக்கரத்தைக் கேபின் பக்கத் தடுப்பில் முட்டக் கொண்டுபோய், நடுவே பழைய டயரை வையுங்கள். ஹேண்டில் நேராக இருக்கட்டும். ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், நான்கு கட்டும் முடியும்வரை அவருக்கு வேறு வேலை கிடையாது.

முதலில் முன் இரண்டு. ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்த் 'டீ'யில் பெல்ட்டைக் கோத்து, பைக்கிலிருந்து முன்னும் வெளியும் கீழுமாக, இரண்டு மூலைக் கொக்கிகளுக்குக் கொண்டுபோங்கள். ஏறத்தாழ 45 டிகிரிச் சாய்வு. செங்குத்தாகக் கட்டினால் பக்கவாட்டு ஆட்டம் நிற்காது, படுக்கையாகக் கட்டினால் குதிப்பு நிற்காது. ஹேண்டில் பார் நுனியில் கட்டுவது பலருக்கும் பழக்கம். நுனி திரும்பும், பார் வளையும், பிரேக் ஹோஸும் கேபிளும் பெல்ட்டின் அடியில் நசுங்கும். வேறு வழியே இல்லாவிட்டால், பார் நடுவில் பிடிக்கும் கிளாம்பை ஒட்டிக் கட்டுங்கள்.

ராட்செட்டை அடிக்கும் முன் தளர்வை எல்லாம் கையால் இழுத்து எடுத்துவிடுங்கள். உருளையில் இரண்டு மூன்று சுற்றுப் பெல்ட் இருந்தால் சரி. அதற்குக் குறைந்தால் வழுக்கும், சுற்று நிறைந்தால் சிக்கிக்கொண்டு திறக்காது. இடம் இரண்டு பல், வலம் இரண்டு பல் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் பைக் சாய்ந்து நிற்கும்.

எவ்வளவு இறுக்கம்? முன் ஷாக் அப்சார்பர் தன் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும் வரை. இதுதான் முழுக் கட்டின் உயிர். அமுங்கிய ஸ்பிரிங் எப்போதும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும், அதனால் வேகத்தடையில் பைக் குலுங்கினாலும் பெல்ட் தளராது. அமுக்காமல் கட்டினால், ஒவ்வொரு குலுக்கலிலும் பைக் கீழே போய் வரும்போது பெல்ட் ஒரு நொடி தளர்ந்து, கொக்கி கழன்றுவிடும். அதற்காக அடிவரை நசுக்கவும் வேண்டாம், ஆயில் சீல் போகும்.

கொக்கியைக் கொஞ்சம் கிட்டே பாருங்கள். மலிவான பெல்ட்டில் 'எஸ்' வடிவக் கொக்கிக்கு வாய் திறந்தே இருக்கும். மாட்டியபின் அந்த வாயைக் குறுக்கே ஒரு கேபிள் டையாலோ துணிக் கிழிசலாலோ கட்டிவிடுங்கள், கழலாது. ஏஸில் கொக்கிகள் தொட்டிக்கு வெளிப்புறம் அடியில் இருப்பதால் பெல்ட் பக்கக் கதவின் மேல் விளிம்பை உரசிக்கொண்டுதான் இறங்கும். தகட்டு விளிம்பு, நூறு கிலோமீட்டர் உரசினால் பெல்ட்டை அறுக்கும். அந்த இடத்தில் பழைய தண்ணீர்க் குழாயைப் பிளந்து மாட்டுங்கள், இல்லையேல் கோணிச்சாக்கை நான்காக மடித்து வையுங்கள். வெல்டிங் விட்டுப்போன கொக்கி இருந்தால் அதை விட்டுவிட்டு சேசிஸ் சட்டத்தில் கட்டுங்கள்.

பின் இரண்டு பெல்ட்டின் வேலை வேறு. அவை வண்டியின் வால் பக்கம் துள்ளி நகராமல் பார்க்கின்றன. கிராப் ரெயிலிலோ பின் ஃபுட் ரெஸ்ட் பிடிக்கும் சட்டத்திலோ கட்டி, பின்னும் வெளியுமாக இழுங்கள். சாரி கார்டு, இண்டிகேட்டர், சைலன்சர், நம்பர் பிளேட் இவற்றில் எதிலும் கட்டக் கூடாது. லெக் கார்டிலும் வேண்டாம், அதன் போல்ட் பக்கவாட்டு இழுப்புக்கானது அல்ல.

இப்போது சைடு ஸ்டாண்டை எடுத்துவிடுங்கள். ஆம், எடுத்தே ஆக வேண்டும். ஸ்டாண்டு கீழே இருக்கும்போது இறுக்கினால் பைக் சாய்ந்த நிலையில் இறுகும், இழுப்பு முழுவதும் ஸ்டாண்டு பிடிக்கும் காதில் விழும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திக் கட்டுவது இன்னும் மோசம். ஒரு சடன் பிரேக் போதும், ஸ்டாண்டு மடிந்து நான்கு கட்டும் ஒரே நேரத்தில் தொளதொளத்துவிடும். லோடுமேன்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், 'இருபது வருஷமா இப்படித்தான் சார்' என்பார்கள். சிரித்துக்கொண்டே நீங்களே கட்டிவிடுங்கள்.

கடைசியாக முதல் கியரில் போட்டு, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பெல்ட்டின் மிச்ச வாலைச் சுருட்டிக் கட்டுங்கள். பைக்கின் சீட்டைப் பிடித்துப் பலமாக ஆட்டிப் பாருங்கள். பைக் தனியாக ஆடாமல், ஏஸே சேர்ந்து ஆடினால் கட்டு சரி.

ஸ்கூட்டர், இரண்டு பைக், பவர் டில்லர்

ஸ்கூட்டரில் பிளாஸ்டிக்கே அதிகம் என்பதால் கட்டுவதற்கு இடம் தேட வேண்டும். முன்னால் மட்கார்டுக்கு மேல் ஃபோர்க் கம்பியைச் சுற்றி மெத்தென்ற துணிப் பட்டையைக் கோத்து, அதில் பெல்ட்டை மாட்டுங்கள். பின்னால் கிராப் ரெயில். ஆக்டிவாவில் இடக்கை லீவரில் பிரேக் பூட்டும் கிளிப் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். மற்றதில் லீவரை அமுக்கிக் கைப்பிடியோடு கட்டுங்கள். மின்சார ஸ்கூட்டரையும் இப்படியேதான். சாவியை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும், கை தவறி ஆக்ஸிலரேட்டர் பட்டால் சத்தமே இல்லாமல் பாயும்.

இரண்டு பைக் என்றால் தலைமாற்றி நிறுத்துங்கள், ஒன்று கேபினைப் பார்த்து, மற்றது கதவைப் பார்த்து. இரண்டு ஹேண்டிலும் மோதாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே நான்கு இடத்தில் கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒன்று போகும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

பவர் டில்லர் வேறு ஜாதி. 12, 13 குதிரைத்திறன் டில்லர் 400 கிலோ அளவில் இருக்கும். ஆட்கள் தள்ளி ஏற்றும் காரியம் இல்லை, இன்ஜினில்தான் ஏற வேண்டும். மிகக் குறைந்த கியரில் முன்னோக்கி ஏற்றுங்கள், ரிவர்ஸில் இறக்குங்கள். சரிவில் இருக்கும்போது ஸ்டியரிங் கிளட்சை, அதாவது ஒரு பக்கச் சக்கரத்தை விடுவித்து வண்டியைத் திருப்பும் லீவரை, தொடவே கூடாது. இறக்கத்தில் அது நேர்மாறாக வேலை செய்யும்: இடது கிளட்சைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். பலகையின் மேல் அப்படித் திரும்பினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. தரையிலேயே நேர் பார்த்துக்கொண்டு பலகையில் ஏறுங்கள், கோணல் தெரிந்தால் இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

டில்லரை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றுவதாக இருந்தால், இரண்டு சக்கர டிரெய்லரை டிராக்டரில் மாட்டிய பிறகே ஏற்ற வேண்டும். கழற்றி நிறுத்திய டிரெய்லரின் பின்முனையில் 400 கிலோ ஏறினால் முன்பக்க ஏர்க்கால் மேலே எழும்பி, டிரெய்லர் குடை சாயும். மாட்டியிருந்தாலும் வால் பக்கத்துக்கு அடியில் ஒரு முட்டு கொடுங்கள். ஏற்றியபின் எடை அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். பின்னால் தங்கினால் டிரெய்லர் ரோட்டில் வாலாட்டத் தொடங்கும், டிராக்டரின் பின் சக்கரத்துப் பிடியும் குறையும்.

வழியில்

முதல் ஐந்து, பத்து கிலோமீட்டரிலேயே ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். பெல்ட் கொஞ்சம் இளகியிருக்கும், ஒரு பல் இறுக்கினால் போதும். அதன்பின் டீக்கு நிற்கும்போதெல்லாம் கை வைத்துப் பார்த்தால் சரி. மழை பெய்தால் கயிற்றுக் கட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவு மாதிரி மலைப்பாதை என்றால் அடிவாரத்தில் ஒருமுறை, மேலே போய் ஒருமுறை. வேகத்தடையில் உருட்டிக்கொண்டு போகும்படி டிரைவரிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள். பின்னால் யாரும் உட்கார வேண்டாம்.

இறக்குதல்

வந்து சேர்ந்த களைப்பில் அவசரப்படுவார்கள், ஏற்றியதைவிட இறக்குவது ஆபத்து. பலகையைக் கட்டி, ஏஸுக்குக் கட்டை வைத்த பிறகே பெல்ட்டில் கை வைக்க வேண்டும். ஒருவர் பைக்கைப் பிடித்துக்கொள்ள, பின் பெல்ட்டுகளை முதலில் அவிழுங்கள், முன்னவை கடைசியில். ராட்செட் திறக்கும்போது அமுங்கியிருந்த ஷாக் அப்சார்பர் சட்டென்று எழும்பும், முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

முன்ஃபோர்க்கில் கயிறு ஒன்றைக் கோத்து, கேபின் கம்பியில் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி மூன்றாமவர் கையில் கொடுங்கள். அந்த ஒரு சுற்றின் உராய்வே பாதி எடையைத் தாங்கும், அவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் போதும். பைக் பின் சக்கரம் முன்னே வர, முதல் கியரில், இன்ஜின் அணைந்த நிலையில், கிளட்சை விட்டு விட்டுப் பிடித்து அங்குலம் அங்குலமாக இறங்கட்டும். கீழே யாரும் சக்கரத்துக்கு நேரே நிற்கக் கூடாது.

தரையில் நின்றதும், டிரைவருக்கு வாடகை கொடுக்கும் முன், முன்ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, ஹேண்டில் நேராக இருக்கிறதா, இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா என்று பாருங்கள். பழைய போட்டோவோடு ஒப்பிட்டு, புதிதாகக் கீறல் இருந்தால் ஏஸின் நம்பர் பிளேட்டும் தெரியும்படி அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரர் கேட்பது அதைத்தான்.